நூற்றுப்பத்துக் கிரெயின்

அந்தத் தோட்டாப் பெட்டியைச் சிறிதரனின் கையில் கொடுத்தபோது எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்த பிழை என்று இத்தனை வருடமாக என்னையே ஏமாற்றிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை. தெரிந்துதான் கொடுத்தேன். பொறாமைதான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.

நான் மெல்பேர்னுக்கு வந்தது எழுபத்து மூன்றில். டண்டினொங்கில் விவசாய இயந்திரங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் படம் வரைகிற வேலை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிற ஒரு வெள்ளைக்காரன் தான் மலையில் சுட்ட மானின் படத்தைக் காட்டினான். 'சம்பார்' என்றான். பார்த்தால் எங்கள் வன்னிக்காட்டு மரை. நூறு வருடத்துக்கு முன்னால் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து காட்டில் விட்டார்களாம். வெள்ளையர் மட்டும் வரலாம் என்று சட்டம் வைத்திருந்த காலத்திலும் இதுகளை யாரும் மறிக்கவில்லை. எங்களுக்கு முன்பே விசா எடுத்துக் குடியேறிய கூட்டம் அது.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். லைசென்ஸ் எடுத்தேன், துவக்குக் கழகத்தில் சேர்ந்தேன், புத்தகமாக வாங்கிக் குவித்தேன். எந்தத் துவக்கு என்று முடிவு செய்யவே ஆறு மாதம் எடுத்தேன். டூ-ஃபோர்-த்ரீ ரகத் துவக்கு சின்ன மானுக்குக் காணும், மரைக்குக் காணாது. த்ரீ-செவன்டி-ஃபைவ் யானைக்குச் செய்தது, சுடுகிறவனின் தோளைத்தான் முதலில் உடைக்கும். கடைசியில் த்ரீ-ஓ-எயிட் வாங்கினேன். குண்டின் நிறையைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள். எந்தக் குண்டு எத்தனை யார், அதாவது கெஜம், தூரத்தில் எவ்வளவு வேகத்தோடும் பலத்தோடும் போகும் என்று பெரிய அட்டவணை ஒன்று வரைந்து குசினிச் சுவரில் ஒட்டிவைத்தேன். என் மனைவி கமலினி அதற்குப் பக்கத்தில் பால்காரனின் கணக்குத் துண்டைக் குத்திவைத்தாள்.

மரைக்கு நூற்றெண்பது கிரெயின் குண்டு. இதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மரை ஐந்நூறு இறாத்தலுக்கு நிற்கிற மிருகம். அதன் தோள்மூட்டு எலும்பு என் மணிக்கட்டை விடத் தடிப்பு. அந்த எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுவாசப்பையைத் தொட வேண்டுமென்றால் குண்டுக்கு நிறை வேண்டும், உடையாமல் விரிகிற மூக்கு வேண்டும். நூற்றுப்பத்துக் கிரெயின் நரிக்குச் செய்தது. மெல்லிய உறை, பயங்கர வேகம், பட்ட இடத்திலேயே சுக்குநூறாகிவிடும். நரி அந்த இடத்திலேயே விழும். மரைக்குத் தோளில் ஒரு பெரிய புண் வரும், அவ்வளவுதான்.

இவ்வளவும் தெரிந்த நான் மூன்று குளிர்காலம் லிக்கோலாப் பக்கத்து மலைகளில் ஏறி இறங்கி ஒரு மரையின் வாலைக்கூடக் காணவில்லை. ஒவ்வொரு சித்திரைக் கொண்டாட்டத்திலும் மெல்பேர்ன் தமிழர் அத்தனை பேரிடமும், அப்போது ஒரு மண்டபத்தின் பாதிக்குக்கூடக் காணாத கூட்டம்தான், வருகிற முறை மரை இறைச்சி என் வீட்டில் என்று சொல்லியிருந்தேன். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிற கோயம்புத்தூர்ப் பழனிசாமி என்னைக் கண்டால் மசாலா அரைத்து வைக்கலாமா என்று கேட்பார். நான் மலையிலிருந்து திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போது கமலினி, மரையார் சுகமாக இருக்கிறாரோ என்று விசாரிப்பாள். சிரித்துக்கொள்வேன். உள்ளே எரியும். இந்த ஊரில் மரையை முதலில் விழுத்திய தமிழன் நானாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு பெரிய ஆசை இருக்கவில்லை.

எழுபத்தாறு கடைசியில் சிறிதரன் வந்து சேர்ந்தான். முல்லைத்தீவுப் பக்கம், கணக்காளர் படிப்பு, கல்யாணம் ஆகவில்லை, என்னை விடப் பத்து வயது குறைவு. எங்கள் வீதிக்கு அடுத்த வீதியில் ஒரு சின்ன ஃப்ளாட் எடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பாடு. அப்படி ஒருநாள் சுவரில் இருந்த அட்டவணையைக் கண்டுவிட்டு, தானும் மாமன்மாரோடு வேட்டைக்குப் போனவன் என்று சொன்னான். பழைய 'பன்னிரண்டு போர்' சன்னத் துவக்கு, மரைக்கு எஸ்.ஜி. தோட்டா, முயலுக்கு நாலாம் நம்பர். அவனுக்குத் தெரிந்த ஆயுதக் கல்வி அவ்வளவுதான். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அடுத்த கிழமை என்னோடு வரச் சொன்னேன், பார்க்கட்டும் என்று.

வந்தான். துவக்கு இல்லாமல், கையை வீசிக்கொண்டு. ஆற்றங்கரையில் காரை நிறுத்தி முக்கால் மணித்தியாலம் ஆகியிருக்காது, குந்தியிருந்து ஒரு குளம்படியைத் தொட்டுப் பார்த்தான். கொம்பன் மரை, இன்று விடியத்தான் போயிருக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டு மேலே படுக்கப் போகிறது என்றான். நான் அந்தப் பாதையால் மூன்று வருடம் நடந்திருக்கிறேன். அந்தச் சேற்றை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அவன் முன்னால் போக நான் பின்னால் போனேன். ஒரு மேட்டில் ஏறியதும் கையால் சைகை காட்டினான். எதிர்ச்சரிவில், பன்னச் செடிகளுக்குள், கறுப்பாக ஒரு முதுகு. நான் துவக்கைத் தோளுக்கு ஏற்றும் முன் அது போய்விட்டது.

என் வாழ்க்கையில் நான் உயிரோடு கண்ட முதல் மரை. அதையும் அவன்தான் காட்ட வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு அவன் அதைக் கமலினிக்கு நடித்துக் காட்டினான். மரை காதைத் திருப்பியதை, என் கண்ணாடியில் புகை படிந்ததை, நான் துவக்கின் பூட்டைத் தடவித் தேடியதை. என்னைக் கேலி செய்யவில்லை, தன்னைத்தான் கூடுதலாகக் கேலி செய்தான். கமலினி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துக் கனகாலம். அவனுக்கு இரண்டாம் முறை மீன்குழம்பு ஊற்றும்போது சட்டியின் அடியில் இருந்த பெரிய துண்டைத் தேடி எடுத்துப் போட்டாள். வழக்கமாக அது என்னுடைய துண்டு. நாற்பது வயது மனிதன் ஒரு மீன் துண்டுக்காக வெந்துகொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மே மாதம் அவனுக்கு லைசென்ஸ் கிடைத்தது. என்னுடையது போலவே ஒரு த்ரீ-ஓ-எயிட்டை, பழையது ஒன்றை, கழகத்தில் ஒருவரிடம் வாங்கினான். துவக்கை நான்தான் பார்த்துத் தெரிவு செய்தேன், நல்ல துவக்கு. அதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு என் குசினிக் கதிரையில் இருந்துகொண்டு கேட்டான்.

"இதில மரைக்கு எந்தத் தோட்டா அண்ணை? எங்கட எஸ்.ஜி. மாதிரி ஒண்டு இருக்குந்தானே?"

சுவரில் அட்டவணை இருந்தது. நூற்றெண்பதுக்கு நேரே நான் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தேன். அவன் அதற்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்: புதிதாகச் சுடுகிறவனுக்குப் பாரம் குறைந்த குண்டு நல்லது. உதை குறைவு. வேகம் கூட. வளையாமல் நேரே போகும், வைத்த இடத்தில் படும். நூற்றுப்பத்து எடு.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்தக் கெட்டித்தனத்தில் எனக்கே ஒரு திருப்தி வந்தது. எலும்பில் பட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. தனக்கு அந்தச் சனிக்கிழமை வேலை இருப்பதால் என்னையே வாங்கி வரச் சொன்னான். கடைக்காரக் கிழவன் எனக்கு எடுத்த நூற்றெண்பதையும் அவனுக்கு எடுத்த நூற்றுப்பத்தையும் மேசையில் வைத்து, நூற்றுப்பத்து நரிக்கா என்று கேட்டான். ஓம், நரிக்கு என்றேன். வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

கழகத்தின் மைதானத்தில் அவன் சுட்டுப் பழகினான். நூறு யாரில் ஐந்து வெடி, ஐந்தும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். என்னுடையது அதே தூரத்தில் சாப்பாட்டுக் கோப்பை அளவு. எல்லாரும் அவனை எங்கே பழகினாய் என்று கேட்டார்கள், அவன் என்னைக் காட்டினான். அண்ணை தெரிவு செய்து தந்த தோட்டா என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கைதட்டல் கேட்ட பிறகு சொல்ல மனம் வரவே இல்லை.

ஜூலையில் இரண்டாவது சனிக்கிழமை போனோம். விடியற்காலை நல்ல குளிர், புல்லெல்லாம் வெள்ளை. வெயில் ஏறும் நேரம் ஓடைக்கு மேலே ஒரு வெட்டைவெளியில் கொம்பன் நின்றது. எண்பது யார் இருக்கும். பக்கவாட்டாக, அசையாமல். சிறிதரன் என்னைத் திரும்பிப் பார்த்தான், நீங்கள் வெடி வைக்கிறீர்களா என்று கண்ணால் கேட்டான். நல்ல மனம் அவனுக்கு, அதுதான் எனக்குப் பொறுக்காதது. நீயே வை என்று தலையாட்டினேன்.

அவன் வைத்த வெடி தோளின் நடுவில் பட்டது. நான் என் குழல்கண்ணாடியால் பார்த்தேன், மயிர் பறந்தது தெரிந்தது. மரை முழங்காலில் விழுந்தது, எழுந்தது, மூன்று காலில் பற்றைக் காட்டுக்குள் பாய்ந்தது. நூற்றெண்பதாக இருந்தால் அது எழுந்திருக்காது.

அவன் முகம் செத்துப்போயிற்று. கை ஆடிவிட்டது என்றான். நான் அவன் தோளில் தட்டி, பரவாயில்லை, முதல் தடவை எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று தேற்றினேன். என் குரல் தேனாக இருந்தது. அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. உள்ளுக்குள் ஒருவன் துள்ளிக்கொண்டிருந்தான்.

நான் திரும்பிவிடலாம் என்றேன். அவன் என்னைப் புரியாத மாதிரிப் பார்த்தான்.

"வெடிபட்டதை விட்டிட்டுப் போகேலாது அண்ணை. எங்கட பக்கத்தில முதல் வெடி வைச்சவன்தான் அதைக் கொண்டுபோய் முடிக்கவேணும். ரெண்டு நாளெண்டாலும் காட்டுக்குள்ளதான் நிப்பம்."

தடம் பார்த்துக்கொண்டு முன்னால் போனான். ஒரு பன்ன இலையில் ஒரு துளி, இருபது அடிக்கு அப்பால் ஒரு கல்லில் இன்னொன்று. இரத்தம் குறைவு. ஓரிடத்தில் வெள்ளையாக எதையோ விரலில் ஒற்றியெடுத்து, எலும்புத் தூள் என்றான். முள்ளுக்குள் தவழ்ந்தோம். அட்டைகள் சப்பாத்துக்குள் புகுந்தன. மரை படுத்து எழும்பிய இடங்களை அவன் ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒரு இடத்தில் புல் நசுங்கி, பக்கத்தில் மண் கிளறிக் கிடந்தது. எழும்ப முடியாமல் உதைத்திருக்கிறது என்றான். முதல் இரண்டு மணித்தியாலம் எனக்குள் துள்ளியவன் மெல்ல அடங்கிப்போனான். அந்த மிருகம் படுகிற பாடு ஒவ்வொன்றும் என் கணக்கில் ஏறுவதை நான் பின்னால் நடந்தபடியே பார்த்தேன்.

பகல் இரண்டு மணிக்கு அதைக் கண்டோம். ஓடையில், இடுப்பளவு தண்ணீரில், எங்களைப் பார்த்தபடி நின்றது. போக இடமில்லை, போகவும் இயலாது. சிறிதரன் துவக்கைத் தூக்கினான், இறக்கினான்.

"என்ர கையில எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொருக்காப் பிழைச்சா அது பாவம். நீங்கள் வையுங்கோ அண்ணை."

வைத்தேன். நாற்பது யார். நிற்கிற மரை. அது அப்படியே தண்ணீரில் சாய்ந்தது. நான் மூன்று வருடம் கனவு கண்ட வெடி இதுதான்.

இழுத்துக் கரைக்குக் கொண்டுவரப் பட்ட பாடு பெரிது. சிறிதரன் கத்தியை எடுத்தான். அவன் மாமன்மாரோடு உரித்துப் பழகியவன் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. என் மூளைக்கு எட்டியது அட்டவணை மட்டும். தோளின் தோலை நீக்கியதும் அவன் கை நின்றது. மேலே ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு சதை கூழாகிக் கிடந்தது. உள்ளே விலா எலும்பு முழுசாக இருந்தது, ஒரு கீறல் இல்லை. அந்தக் கூழுக்குள் விரலை விட்டு, செப்புத் துணுக்குகளை ஒன்று, இரண்டு, ஏழு எட்டு என்று எடுத்து உள்ளங்கையில் வைத்தான். பிறகு என் வெடி பட்ட இடத்தைத் திறந்தான். குண்டு உள்ளே போய், சுவாசப்பை இரண்டையும் துளைத்து, மறுபக்கத் தோலின் கீழே காளான் மாதிரி விரிந்து முழுசாக இருந்தது.

கையைத் தண்ணீரில் கழுவினான். என் பையில் இருந்த தோட்டாப் பெட்டியைத் தரச் சொல்லிக் கேட்டான். கொடுத்தேன். தன் பெட்டியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து வாசித்தான்.

"உங்களுக்கு நூற்றெண்பது. எனக்கு நூற்றுப்பத்து. என்னத்துக்கு அண்ணை?"

உதை குறைவு, வேகம் கூட, நேரே போகும் என்று ஆரம்பித்தேன். அவன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான்.

"இதுகள் அண்டைக்கும் சொன்னனீங்கள். எலும்பில பட்டா உடையுமெண்டது அண்டைக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகு?"

"எனக்கு முன்னம் உனக்கு மரை விழக்கூடாது எண்டு நினைச்சன்."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவன் அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தாலும் நல்லது என்றிருந்தது. அவன் மரையின் முகத்துக்கு முன்னால் குந்தினான்.

"விடிஞ்சதில இருந்து இது மூண்டு காலில நிண்டிருக்கு," என்றான். பிறகு, "காலைப் பிடியுங்கோ. இறைச்சி பழுதாகப் போகுது" என்று கத்தியை எடுத்தான்.

கார் வரைக்கும் நாலு தடவை சுமந்தோம். பாரமான துண்டுகளை அவனே எடுத்தான். என் வீட்டு வாசலில் இறைச்சியை இறக்கிவிட்டுத் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றான். முதல் வெடிக்காரனுக்குத் தலையும் ஒரு தொடையும் உரிமை என்று அவன்தான் ஒருமுறை சொல்லியிருந்தான். இரண்டையும் விட்டுவிட்டு நடந்து போனான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் விருந்து. இருபத்தைந்து பேர். பழனிசாமி உண்மையாகவே மசாலா அரைத்துக் கொண்டுவந்திருந்தார். மெல்பேர்னில் முதல் மரை என்று என் முதுகில் தட்டாதவர் இல்லை. எங்கே நின்றது, எத்தனை யார், எந்தக் குண்டு என்று கேட்டார்கள். நூற்றெண்பது என்று சொன்னேன். ஆசைப்பட்ட அத்தனையும் கிடைத்தது. ஒரு வாய் இறைச்சி எனக்கு இறங்கவில்லை.

சிறிதரன் வரவில்லை. அவன் எல்லாருக்கும் சொல்லிவிட்டிருப்பான் என்று காலையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. குசினிக்குள் போனேன். கமலினி சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் போன் எடுத்தாளாம்.

"சுகமில்லை எண்டவன். உங்களைப் பற்றித்தான் கதைச்சவன். தான் பிழைவிட்ட மரையை அண்ணை ஒரே வெடியில முடிச்சவர் எண்டான். ஒரு சொல் குறைச்சுச் சொல்லேல்லை. எவ்வளவு பெரிய மனசு பாருங்கோ அந்தப் பொடியனுக்கு."

அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணில் ஒரு ஈரம் இருந்தது. என்னைப் பற்றிப் பேசும்போது அவளுக்கு அப்படி ஈரம் வந்ததில்லை.

கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புக் கோட்டை, நரிக்கு என்று கடைக்காரனிடம் சொன்னதை, ஓடையில் நின்றதை, துணுக்குகளை அவன் எண்ணியதை. ஒன்றும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல நெஞ்சு இலேசாகியது. இப்படித் தன் பிழையைத் தானே வந்து சொல்லுகிற ஆண்பிள்ளை எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுகூட ஒரு கணம் ஓடியது.

கமலினி அடுப்பை நிறுத்தினாள். கரண்டியைச் சட்டியின் விளிம்பில் வைத்தாள்.

"இதைப் போன கிழமை முழுக்க நீங்கள் எனக்குச் சொல்லேல்லை. அவனை நல்லவன் எண்டு நான் சொன்ன பிறகுதான் சொல்லுறியள்."

அவள் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"அவனை விட நல்ல மனிசனாகிறதுக்குத்தானே?"

முன்னறையில் யாரோ இன்னும் கொஞ்சம் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டார்கள். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். அவள் சொன்னது சரி.